மீன் கண் – ஒன்று

மே 5, திங்கள்

காலையில் முதல் வேலையாகக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். வலதில் ஒன்று, இடதில் ஒன்று. பிறகு குப்பியை ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் மறைத்து வைத்தேன். வீட்டுக்காரர் துரைசிங் வெண்ணெயைத் தொடமாட்டார், கொலஸ்ட்ரால் பயம். கண் வறட்சிக்கு மருந்து என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டதும் ஒரே ஒரு தடவைதான்.

ஜூன் பத்தாம் தேதி மறுபடியும் கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். மார்ச்சில் அமுக்கிக்கொண்டிருந்தபோது அங்கிருந்த பெண், "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் தூங்கவில்லை. இன்னும் புள்ளி வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். கண் நீர் அழுத்தம், இடது கண்ணில் ஓரப் பார்வை போயிருக்கிறது, வலதிலும் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டுவதைப் பற்றியும் தனியாக வெளியே அலைவதைப் பற்றியும் அடுத்த முறை முடிவு செய்வோம் என்றார்.

அதற்குள் இருபது புள்ளிகளையும் முடித்துவிட வேண்டும்.

2001இல் எம்.எஸ்சி. படிக்கும்போது தாமிரபரணிக் கரையில் இருபது இடங்களில் மருத மரங்களுக்கு அடியில் கேமராவை வானம் பார்க்க வைத்துப் படம் எடுத்தேன். கல்லூரியில் ஜப்பான் மீன்கண் லென்ஸ் ஒன்று இருந்தது. மொத்த வானத்தையும் தட்டு மாதிரி ஒரே வட்டத்தில் கொண்டுவந்துவிடும். அந்த வட்டத்தில் எவ்வளவு இலை, எவ்வளவு வானம் என்று கணக்கிட்டால் நிழலின் அளவு தெரியும். இப்போது அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதே இருபது இடங்களில், அதே லென்ஸில் மறுபடி எடுக்க வேண்டும். வேறு லென்ஸ் வேறு மாதிரி வளைக்கும், பழைய படத்தோடு ஒப்பிட முடியாது.

ஜூனில் கல்லூரி திறந்துவிட்டால் நேரம் கிடைக்காது. அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

மே 7, புதன்

எங்கள் துறையின் அலமாரி நான்கையும் கொட்டிக் கவிழ்த்தாயிற்று. லென்ஸ் இல்லை. ஜங்ஷனில் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கேட்டேன். உள்ளே போய் ரொம்ப நேரம் தேடிவிட்டு, வீட்டுக் கதவில் பொருத்துகிற எட்டிப் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுலயும் எல்லாம் உருண்டையாத்தான் தெரியும்" என்றார். இணையத்தில் ஒருவர் விற்கிறார், உள்ளே பூஞ்சை என்று அவரே எழுதியிருக்கிறார், அதுவும் வேறு மாடல்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை மறுபடி சுவர்ப் பக்கம் நகர்ந்திருக்கிறது. துரைசிங்தான். ஃபேன் காற்று வேண்டுமாம். எனக்கும் நல்லதுதான். அதன் மூலை பட்டு இடது இடுப்பில் எப்போதும் ஒரு கன்னிப்பு இருந்துகொண்டே இருந்தது.

மே 8, வியாழன்

கிடைத்துவிட்டது.

ஆபீசில் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 2004ஆம் வருடம் எங்கள் துறைச் சாமான்களைச் சரிபார்த்த குமாஸ்தா, "ஃபிஷ் ஐ – 1" என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "தாவரவியலில் தவறாக உள்ளது. விலங்கியலுக்கு மாற்றப்பட்டது."

விலங்கியல் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் மியூசியத்துக்கு ஓடினேன். ஃபார்மலின் வாடை. பேத்தை மீன் பாட்டிலுக்கும் கடல் குதிரைக்கும் நடுவில் கறுப்புத் தோல் டப்பா. மேலே அச்சடித்த சீட்டு: "மீன் கண் – ஒன்று."

பேச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ஹெப்சி, பதினஞ்சு வருசமா ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல நான்தான்ட்டி டிக் அடிக்கேன். 'மீன் கண், இருக்கு'ன்னு."

"திறந்து பாக்கலியா?"

"ஏதோ மீனோட கண்ணு, காஞ்சுபோயி கிடக்கும்னு நெனச்சேன். அத என்னத்தத் திறந்து பாக்க?"

பிறகு அவளே சொன்னாள். "நேத்து கேட்டுல நின்னு உனக்குக் கைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுதேன், நீ பாட்டுக்குப் போற. பெரிய விஞ்ஞானியாயிட்டியோ?"

யோசனையில் இருந்தேன் என்றேன்.

மே 9, வெள்ளி

லென்ஸை மொட்டை மாடியில் சீனியவரைக்காய் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் பூஞ்சை, பெரணி இலை மாதிரி கிளை விட்டிருக்கிறது. வெயிலில் மேற்கொண்டு வளராது, இருப்பது இருக்கும். நடுவில் சுத்தம். நடு சுத்தமாக இருந்தால் போதும்.

முன்பக்கக் கண்ணாடி தவளைக் கண்ணைப் போலத் துருத்திக்கொண்டிருக்கிறது. பின்பக்கமும் விரல் நீளத்துக்குக் குழாய். அந்தக் காலத்தில் இந்தக் குழாய் கேமராவுக்குள் போய் உள்ளே இருக்கும் கண்ணாடியில் முட்டும். அதனால் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். தூக்கிவிட்டால் கேமராவில் எதுவும் தெரியாது. இருபது படத்தையும் நான் பார்க்காமலேதான் எடுத்தேன். இப்போது என்னிடம் இருக்கும் டிஜிட்டல் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. குழாய் முட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டுக்கும் வாய் பொருந்தாது. நடுவில் ஒரு வளையம் வேண்டும். கடையில் விற்கும் வளையங்களில் இந்தக் குழாய் நுழையாது. கடைந்துதான் எடுக்க வேண்டும்.

மே 12, திங்கள்

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் கொம்பையா அண்ணாச்சி. கல்லூரிப் பம்புக்கு உதிரி செய்கிறவர். லென்ஸைக் கையில் வாங்காமல் மேஜையில் வைக்கச் சொல்லிச் சுற்றி வந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, இது என்னமா முழிக்குது! கண்ணு பூராவும் நம்மளயில்லா பாக்குது."

"எல்லாத்தையும் பாக்கும் அண்ணாச்சி. பக்கத்துல நிக்கவரையும் பாக்கும்."

"அப்ப எங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு கடைஞ்சி மாட்டிர வேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

மே 16, வெள்ளி

வளையம் கச்சிதம். ஆனால் கிட்டத்தில் இருக்கும் கிளை துல்லியம், உயரத்தில் இருக்கும் இலை மங்கல். இந்த லென்ஸில் திருகிச் சரிசெய்ய வழியில்லை. ஒரே குவியம்தான், வளையத்தின் கனம் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் போயிற்று. கனம் கூடிவிட்டது. கணக்குப் போட்டேன். மில்லிமீட்டரில் நூற்றில் பத்துப் பங்கு குறைக்க வேண்டும். வளையத்தைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கொம்பையாவுக்குப் போன் செய்து, "இன்னும் பத்து எடுத்துருங்க" என்றேன். "பத்துத்தானே, எடுத்துருவோம்" என்றார்.

வளையத்தை வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஆட்டுக்குட்டி ஒன்று இடப்பக்கமிருந்து வண்டிக்கு முன்னால் விழுந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஊரில் ஆட்டை யாரும் கட்டிப்போடுவதில்லை.

மே 17, சனி

வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்திருக்க வேண்டும்.

மே 19, திங்கள்

வளையம் வந்தது. இப்போது கிட்டத்திலும் மங்கல், தூரத்திலும் மங்கல். இரண்டு மணி நேரம் கேமராவைக் குறை சொன்னேன், பிறகு பூஞ்சையை. கடைசியில் பட்டறைக்கே போனேன்.

"பத்துத்தான எடுத்தேன். பத்து தவ்."

தவ்! பட்டறையில் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கணக்கு. நான் சொன்ன பத்தைப் போல அவருடைய பத்து இரண்டரை மடங்கு.

"நான் சொன்னது மில்லிமீட்டர் கணக்கு, அண்ணாச்சி."

"அதச் சொல்லணும்லா. வெறும் பத்துன்னு சொன்னா, எந்த லேத்துக்காரனும் தவ்னுதான் எடுப்பான். முப்பது வருசம் காலேஜுக்கு வேல செய்யுதேன், ஒருத்தரும் என்ன அளவுன்னு முழுசாச் சொன்னதில்ல. சொல்லாமலே எனக்குத் தெரியணும்பிய எல்லாரும்."

புது வளையம் என்றால் இன்னும் பத்து நாள் ஆகும், பித்தளைக் கட்டை மதுரையிலிருந்து வர வேண்டும். என்னிடம் அவ்வளவு நாள் இல்லை. எவ்வளவு குறைகிறது என்று மறுபடி கணக்குப் போட்டோம். நூற்றில் பதினைந்து. கொம்பையா குடித்துவிட்டு வைத்திருந்த கலர் டின்னைக் கத்தரியால் வெட்டி மைக்ரோமீட்டரில் வைத்தார். சரியாகப் பத்து. அதன் மேல் செல்லோடேப் ஒரு சுற்று. ஐந்து. வளையத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் அந்தத் தகரத்தை வட்டமாக நறுக்கி வைத்தோம்.

பட்டறை வாசலில் கேமராவை வானம் பார்க்க வைத்தேன். வேப்பமரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நின்றது. ஓரத்தில் கொம்பையா, லேத், சுவரில் காலண்டர், தெருவில் போன மினி பஸ், எல்லாம் வட்டத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. தலை உள்ளே, கால் வெளியே.

மே 20, செவ்வாய்

விடிகாலையில்தான் எடுக்க வேண்டும். சூரியன் ஏறிவிட்டால் இலை ஓரங்கள் வெளிறிப்போகும். 1, 2, 3, 4 முடிந்தன.

மூன்றாம் புள்ளியில் 2001ஐ விட நிழல் அதிகம். எதிர்பார்க்கவில்லை.

மே 23, வெள்ளி

5 முதல் 9 வரை.

ஆறாம் புள்ளி படித்துறைக்குப் பக்கம். குளித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"ஏம்மா, குளிக்கிற எடத்துல என்ன படம்?"

"கேமரா மேலதானக்கா பாக்குது. மரத்தத்தான் எடுக்கேன்."

"மரத்துக்குப் பொறந்தநாளா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. கேமரா மேலே பார்க்கிறது, ஆனால் லென்ஸ் எல்லோரையும் பார்க்கிறது. ஓரத்தில் அவர்கள் விழுவார்கள். கேமராவை மூடிவிட்டு, அவர்கள் குளித்து, துணி அலசி, தலை துவட்டிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம். முதல் பெண் போகும்போது ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள்.

ஏழாம் புள்ளியில் மரமே இல்லை. அடிக்கட்டை கூட இல்லை. பழைய நோட்டைப் பார்த்து மின்கம்பத்திலிருந்து அடி அளந்து, அதே இடத்தில் வைத்தேன். வட்டம் முழுவதும் வானம். அதையும் எடுத்துக்கொண்டேன். புள்ளி என்றால் புள்ளிதான்.

மே 26, திங்கள்

10 முதல் 13. மேகமூட்டம், வெளிச்சம் அருமை. பாறையில் கால் இடறி முட்டியில் அடி. ஸ்டாண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துரைசிங் முட்டியைப் பார்த்தார். மின்வாரியத்தில் ஃபோர்மேன். கம்பத்தில் யாராவது ஏறியிருக்கும்போது கீழே நின்று பேசாமல் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"புதன்கிழமை எனக்கு லீவு. நானும் வாரேன்."

"எதுக்கு? நாலரைக்கு எந்திரிக்கணும்."

"எந்திரிச்சாப் போச்சு. நீ இருவத்தஞ்சு வருசமா சொல்லுத மரத்த நானும் ஒரு நாள் பாக்கேன்."

மே 28, புதன்

14, 15.

வண்டியை அவர்தான் ஓட்டினார். என்னை ஓட்டவிடவில்லை என்று சொல்ல முடியாது, சாவியை முதலில் எடுத்தது அவர். பிளாஸ்கில் தேநீர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆற்றில் தண்ணீர் குறைவு, கொக்கு நிறைய.

அவருக்கு முறையை விளக்கினேன். ஐந்து நொடிக்கு ஒரு படம் என்று கேமரா தானாகவே எடுக்கும். நோட்டில் நேரமும் திசையும் குறித்துக்கொண்டு நான் விலகிப் போய்க் குனிந்து உட்கார வேண்டும். நான் விலகும்வரை எடுத்த முதல் சில படங்கள் கழிவு. அவற்றைத் தனியாகப் போட்டுப் பிறகு அழித்துவிடுவேன். "கழிவுல என்ன இருக்கும்?" என்று கேட்டார். "நான் இருப்பேன்" என்றேன்.

தேநீரை எனக்குக் கொடுக்கவேயில்லை. அவரே குடித்துவிட்டார். கேட்டதற்கு, "நீ வேலையா இருந்த" என்றார். திரும்பும்போது வண்டியை மெதுவாகவே ஓட்டினார். லீவு நாளில் சீக்கிரம் எழுந்த அலுப்பு.

மே 30, வெள்ளி

கேமரா அட்டையில் இடமில்லை. கழிவுப் படங்களை அழிக்க உட்கார்ந்தேன். வழக்கமாகப் பார்க்காமலே அழிப்பேன். பதினான்காம் புள்ளிக்கு வந்தபோது வட்டத்தின் ஓரத்தில் அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. பெரிதாக்கினேன்.

முதல் படம். நான் நின்றுகொண்டு நோட்டைப் பிடித்திருக்கிறேன், முகம் ஆற்றைப் பார்க்க நேராக இருக்கிறது. எனக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, துரைசிங். பிளாஸ்க் மூடியில் தேநீரை என்னிடம் நீட்டுகிறார்.

இரண்டாவது படம். ஐந்து நொடி கழித்து. இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் கிட்டத்தில். மூடியிலிருந்து ஆவி போவது தெரிகிறது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது படம். தேநீர் அவருடைய இடது கைக்குப் போய்விட்டது. வலது கை விரித்தபடி என் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. படத்தில் எல்லாமே துல்லியம், என் கம்மல், அவர் சட்டைப் பொத்தான், மருத இலையின் விளிம்பு. அவருடைய விரல்கள் மட்டும் மங்கல். குவியம் தவறவில்லை. கொம்பையாவின் தகரம் சரியாகத்தான் இருக்கிறது. விரல்கள் அசைந்திருக்கின்றன.

நான்காவது படத்தில் கையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் அங்கே நின்றேன். ஆறு இருந்தது, கொக்கு இருந்தது, நோட்டில் மணி 6.04 என்று எழுதினேன். அந்தக் கை அங்கே இருக்கவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டேன்.

மே 31, சனி

சாப்பாட்டு மேஜையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஏப்ரலில் முதல் தடவை நகர்ந்தது. இந்த மாதம் மறுபடியும். ஃபேன் காற்று அந்தப் பக்கம் போவதே இல்லை. கன்னிப்பைப் பற்றி அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

தெருவில் நடக்கும்போது எப்போதும் சாலைப் பக்கம் நடப்பவர், இப்போது எந்தப் பக்கம் சாலை இருந்தாலும் எனக்கு இடப்பக்கம்தான் வருகிறார். வண்டியில் உடைந்த கண்ணாடியை மறுநாளே மாற்றிவிட்டார். யார் இடித்தது என்று கேட்கவில்லை.

மருந்துக் குப்பியைப் பார்த்தேன். வெண்ணெய்க்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. வெண்ணெய் மட்டும் புதிது. பழையது தீர்ந்தது எனக்கு நினைவில்லை, நான் வாங்கவில்லை. தொடமாட்டார் என்று எழுதியிருக்கிறேன். மறைப்புத் தீர்ந்துபோகாமல் அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னைச் சோதித்திருக்கிறார், பேச்சியின் மியூசியத்தில் இருக்கும் பாட்டிலைப் போலச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். சொல்லாமல் இருந்தவர்கள் இருவர்.

ஆட்டுக்குட்டி எங்கிருந்தும் வந்து விழவில்லை. அது சாலையோரம் நடந்து வந்திருக்கும். அது குழந்தையாகக்கூட இருந்திருக்கலாம். இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கண்ணாடியை உடைத்ததும் நான்தான். தபால் ஆபீஸ் கேட்டில்.

ஜூன் 1, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்தோம். இடப்பக்கம்தான் நடந்தார். வரும் வழியில் பேச்சியின் போன். மியூசிய அலமாரியில் இடம் காலியாக இருக்கிறதாம், மீன் கண்ணை எப்போது திருப்பித் தருவாய், இல்லையென்றால் அடுத்த வெரிஃபிகேஷனில் என்னத்துக்கு டிக் அடிக்க என்று கேட்டாள். தரமாட்டேன் என்றேன். ரிஜிஸ்டரில் திருத்தி எழுதித் தாவரவியலுக்கு வாங்கிக்கொள்வேன் என்றேன். "எத்தன வருசத்துக்கு வேணும்?" என்றாள்.

சாயங்காலம் மீதிக் கணக்கைப் பார்த்தேன். ஐந்து புள்ளிகள். 16 முதல் 20. கடைசி மூன்றும் பாலத்துக்கு அந்தப் பக்கம், கரை செங்குத்து. தனியாக வண்டியில் போய் முடித்துவிடலாம் என்றுதான் நேற்றுக் காலைவரை திட்டம். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் தேதிக்குப் பிறகு வருவது வரட்டும் என்றிருந்தேன்.

பதினான்காம் புள்ளியின் கழிவுப் படங்கள் நான்கையும் அழிக்கவில்லை. மற்ற கழிவுகளை அழித்துவிட்டேன். இந்த நான்கையும் 2001இன் இருபது படங்களோடு ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பெயர் எதுவும் போடவில்லை, எண் மட்டும்.

நாளை திங்கள், அவருக்கு வேலை ஒன்பதரைக்குத்தான். நாலரைக்கு எழுப்புவேன். அவருக்கு முன்னால், அவர் நகர்த்தி வைத்த மேஜையருகிலேயே உட்கார்ந்து, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுக்கொள்வேன். குப்பியை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பேன். வண்டிச் சாவியை அவர் கையில் கொடுப்பேன், நாளைக்கு மட்டுமல்ல என்று சொல்வேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கரை இறங்கும்போது இடப்பக்கம் வரச் சொல்வேன், கல் இருந்தால் கல் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். தேநீரை வலப்பக்கம் நீட்டச் சொல்வேன். பத்தாம் தேதி டாக்டர் அறைக்கு உள்ளேயும் அவர் வர வேண்டும்.

இருபதும் முடியும். அடுத்த மே மாதமும் இதே இருபதை எடுப்பேன், அதற்கு அடுத்த மே மாதமும். இதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை. அதையும் நாளைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அவர் அடுக்களையில் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு எதற்கென்று அவருக்கு இன்னும் தெரியாது, இருந்தாலும் கழுவுகிறார். நோட்டை மூடிவிட்டு அலாரம் வைக்க வேண்டும்.